பூஜ்ஜிய அடுக்கும் மைனஸ் அடுக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அடுக்குகள் பாடம் வந்துவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. மாரண்டஅள்ளிப் பிள்ளை போன வருடம் கேட்டதை இந்த வருடம் காரிமங்கலத்துப் பிள்ளை கேட்கிறது. அவர்கள் கேட்ட சொற்களிலேயே ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். அந்த நோட்டிலிருந்து எடுத்ததுதான் இது.

இரண்டு சொற்களை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2³ என்பதில் கீழே இருக்கும் 2 அடிமானம், மேலே சின்னதாக இருக்கும் 3 அடுக்கு. எண்ணுக்குப் பதில் எழுத்து வர வேண்டிய இடத்தில் 'அ' என்று எழுதியிருக்கிறேன். உங்கள் புத்தகத்தில் ஆங்கில எழுத்து இருக்கும், பொருள் ஒன்றுதான்.

"அக்கா, 2³ன்னா 2 × 3 தானே? 6 தானே?"

இல்லை, 8. மேலே இருக்கும் 3 பெருக்க வேண்டிய எண் அல்ல. எத்தனை முறை பெருக்க வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. 2 × 2 × 2 = 8. இந்தக் குழப்பம் பெரும்பாலும் 2² என்ற உதாரணத்தில் தொடங்கியவர்களுக்கு வருகிறது. அங்கே எந்த வழியில் போட்டாலும் 4 வந்துவிடும், தப்பு வெளியே தெரியாது. அதனால் நான் 5² என்பதில்தான் தொடங்குவேன். 25 எங்கே, 10 எங்கே!

இன்னொரு பழக்கத்தையும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். 2³ என்பதை 1 × 2 × 2 × 2 என்று எழுதிப் பாருங்கள். முன்னால் ஒரு 1 போடுவதால் மதிப்பு மாறாது. ஆனால் அடுத்து வரும் பாதிக் கேள்விகளுக்கு அந்த 1 தான் பதில்.

"2⁰ எப்படிக்கா 1 ஆகும்? ஒன்னுமே பெருக்கலையே, 0 தானே வரணும்?"

எல்லாரும் கேட்கும் கேள்வி, கேட்க வேண்டிய கேள்வியும்கூட. நான் படித்த காலத்தில் இதைக் கேட்டபோது "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்று ஒருவர் சொல்லிவிட்டார். பல வருடம் அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. மனப்பாடம் செய்ய இதில் எதுவும் இல்லை. மேலிருந்து கீழே இறங்கிப் பாருங்கள்: 2⁴ = 16, 2³ = 8, 2² = 4, 2¹ = 2. அடுக்கு ஒன்று குறையும்போது மதிப்பு பாதியாகிறது. அடுத்த படியில் இருப்பது 2⁰. 2இல் பாதி எவ்வளவு? 1.

என் பாட்டி வீட்டில் ராகி அளக்கும் படி ஒன்று இருந்தது. படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. மேலே போனால் எட்டுப் படி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி. ஆக குறுணி 2³ படி, பதக்கு 2⁴ படி, தூணி 2⁵ படி. சரி, ஒரு படி என்பது எத்தனை படி? ஒன்றுதான். அதை இரட்டிக்கவும் இல்லை, பாதியாக்கவும் இல்லை. அதுதான் 2⁰. இரட்டிக்கவில்லை என்பதற்காகக் கையில் இருக்கும் ராகி காணாமல் போய்விடுமா?

கூட்டலில் எதையும் மாற்றாத எண் 0. பெருக்கலில் எதையும் மாற்றாத எண் 1. "ஒன்றும் செய்யவில்லை" என்றால் கூட்டலில் 0 மிஞ்சும், பெருக்கலில் 1 மிஞ்சும். முதல் பதிலில் முன்னால் ஒரு 1 போடச் சொன்னது இதற்காகத்தான். எல்லா 2களையும் எடுத்துவிட்ட பிறகும் அந்த 1 அங்கேயே நிற்கும்.

"எந்த நம்பரா இருந்தாலும் 1 தானா? 1000⁰ கூடவா?"

ஆமாம், 1000⁰ம் 1, (3/7)⁰ம் 1, (−25)⁰ம் 1. வகுத்துப் பார்த்தாலும் இதுதான் வரும். 5³ ÷ 5³ என்றால் 125 ÷ 125, அதாவது 1. அதையே விதிப்படி செய்தால் அடுக்கிலிருந்து அடுக்கைக் கழிக்க வேண்டும்: 3 − 3 = 0, எனவே 5⁰. ஒரே கணக்குக்கு இரண்டு விடை இருக்க முடியாது, ஆகவே 5⁰ = 1. இதில் ஒரே ஓர் எண்ணுக்கு மட்டும் சிக்கல் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

"2⁻³ன்னா −8 தானே அக்கா? மைனஸ் இருக்கே!"

இந்த நோட்டில் அதிகத் தடவை எழுதப்பட்ட கேள்வி இதுதான். −8 என்றும் எழுதுவார்கள், −6 என்றும் எழுதுவார்கள். இரண்டும் தவறு. 2⁻³ = 1/8.

முன்பு இறங்கிய அதே படிக்கட்டில் நிற்காமல் இன்னும் கீழே வாருங்கள். 2⁰ = 1. அதில் பாதி 2⁻¹ = 1/2. அதில் பாதி 2⁻² = 1/4. அதில் பாதி 2⁻³ = 1/8. பாட்டியின் அளவைகளில் சொன்னால் உரி, உழக்கு, ஆழாக்கு. ஆழாக்கு ராகி சின்ன அளவுதான், ஆனால் அது பானையில் இருக்கிற ராகி. −8 படி என்றால் அது பக்கத்து வீட்டில் வாங்கிய கடன். இரண்டையும் ஒன்றாக நினைக்கலாமா?

அடுக்கில் இருக்கும் மைனஸ், விடையின் குறியைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத்தான் அது காட்டுகிறது. பிளஸ் அடுக்கு என்றால் 1இல் நின்று பெருக்கிக்கொண்டு மேலே போ. மைனஸ் அடுக்கு என்றால் அதே 1இல் நின்று வகுத்துக்கொண்டு கீழே வா. 1இலிருந்து பாதி பாதியாக எத்தனை முறை வகுத்தாலும் மதிப்பு பூஜ்ஜியத்தைத் தொடாது, அதற்குக் கீழும் போகாது.

"3 தடவை பெருக்கலாம். மைனஸ் 3 தடவை எப்படிக்கா பெருக்குறது?"

பெருக்க முடியாது. "இத்தனை தடவை பெருக்கு" என்ற விளக்கம் 1, 2, 3 என்ற அடுக்குகளுக்கு மட்டும்தான் பொருந்தும். அதற்கு அப்பால் அந்த விளக்கத்தை விட்டுவிட்டு, விதிகளைக் கையில் வைத்துக்கொள்கிறோம். பெருக்கும்போது அடுக்குகள் கூட வேண்டும் என்ற விதி எப்போதும் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தால், 2³ × 2⁻³ = 2⁰ = 1 ஆக வேண்டும். 8உடன் எதைப் பெருக்கினால் 1 வரும்? 1/8 மட்டும்தான். வேறு எந்த எண்ணுக்கும் அங்கே இடமில்லை.

இதே போன்ற ஒன்றை நீங்கள் ஏற்கெனவே செய்திருக்கிறீர்கள். மூன்றாம் வகுப்பில் "5இலிருந்து 8ஐக் கழிக்க முடியாது" என்று படித்தீர்கள். பிறகு எண்கோட்டை இடப்பக்கம் நீட்டியதும் −3 வந்தது. கழித்தலின் விதிகள் மாறவில்லை, அவை செல்லும் இடம் விரிந்தது. இங்கும் அப்படித்தான்.

இது உடனே பிடிபடவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். பிரான்சைச் சேர்ந்த நிக்கோலா சூக்கே 1484லேயே பூஜ்ஜிய அடுக்கையும் மைனஸ் அடுக்கையும் எழுதிப் பார்த்தார். அப்போது அது பரவவில்லை. இன்று நாம் எழுதுவது போல அடுக்கை மேலே சின்ன எண்ணாக எழுதும் முறை 1637இல் டெக்கார்ட் வழியாகப் புழக்கத்துக்கு வந்தது. நியூட்டன் 1676இல் எழுதிய ஒரு கடிதத்தில், பின்னங்களை மைனஸ் அடுக்காக எழுதுவதைத் தனியாக விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. பெரிய கணித அறிஞர்களுக்கு இடையிலேயே விளக்கம் தேவைப்பட்ட விஷயம் இது. எட்டாம் வகுப்புப் பிள்ளை இரண்டு நாள் யோசிப்பதில் என்ன தப்பு?

"மைனஸ் வந்தா தலைகீழா போடுன்னு சொன்னா போதாதா? எதுக்கு இவ்வளவு?"

அந்தக் குறுக்குவழி சரியானதுதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதை முதலில் சொல்லிக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. காரணம் தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்ட பிள்ளை −8ஐப் பார்த்தாலும் 1/8 என்று எழுதிவிடுகிறது. எந்த மைனஸ் எங்கே இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை.

காரணம் புரிந்த பிறகு தாராளமாகத் தலைகீழாகப் போடுங்கள். (2/3)⁻² என்றால் (3/2)² = 9/4. ஏன் என்று கேட்டால், (2/3)² = 4/9; 1ஐ 4/9ஆல் வகுத்தால் 9/4. பாடப்புத்தகத்தில் தலைகீழி என்று சொல்வது இதைத்தான். மைனஸ் அடுக்கு ஏற்கெனவே பகுதியில் இருந்தாலும் இதே முறைதான்: 1/2⁻³ என்றால் 1 ÷ 1/8, அதாவது 8.

"(−2)⁻², −2⁻² ரெண்டும் ஒன்னுதானே?"

இல்லை. அடைப்புக்குறிதான் வித்தியாசம். அடுக்கு எதன் தோளில் உட்கார்ந்திருக்கிறதோ அதற்கு மட்டும்தான் வேலை செய்யும். (−2)⁻² இல் அது முழு −2இன் மேல் இருக்கிறது: 1/((−2) × (−2)) = 1/4. −2⁻² இல் அடுக்கு 2இன் மேல் மட்டும் இருக்கிறது, முன்னால் உள்ள மைனஸ் வெளியே நிற்கிறது: −(1/4).

பூஜ்ஜிய அடுக்கிலும் இதே கண்ணி உண்டு. (−5)⁰ = 1, ஆனால் −5⁰ = −1. தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக இது வந்தால் நன்றாகப் படித்த பிள்ளைகளே தடுமாறுகிறார்கள். அடிமானம் மைனஸாக இருந்து அடுக்கு ஒற்றைப்படையாக இருந்தால் விடையும் மைனஸ்: (−2)⁻³ = −1/8. இங்கே மைனஸ் வந்தது அடிமானத்தால். அடுக்கின் மைனஸ் 8ஐக் கீழே தள்ளியதோடு சரி.

"2அ⁻³ஐ 1/(2அ³)ன்னு எழுதினேன், தப்புன்னு போட்டுட்டாங்க. ஏன்?"

மேலே சொன்ன அதே காரணம். அடுக்கு அ மேல் மட்டும் இருக்கிறது, 2க்கு அதோடு சம்பந்தம் இல்லை. எனவே 2 மேலேயே இருக்கும், அ³ மட்டும் கீழே போகும்: 2/அ³. (2அ)⁻³ என்று அடைப்புக்குறி இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்து இறங்கியிருக்கும்: 1/(8அ³). 2உம் மும்முறை பெருக்கப்பட்டு 8 ஆனதைக் கவனியுங்கள்.

"மைனஸ் அடுக்கு ரெண்டு இருந்தா பெருக்கும்போது பிளஸ் ஆயிடுமா?"

ஆகாது. பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டுகிறோம், அடுக்குகளைப் பெருக்குவதில்லை. 2⁻¹ × 2⁻² என்றால் −1உம் −2உம் சேர்ந்து −3. அதாவது 2⁻³.

இதைத் தமிழில் பேசும் பிள்ளைக்கு நான் சொல்லித் தரவே தேவையில்லை. அரை என்பது 2⁻¹, கால் என்பது 2⁻², அரைக்கால் என்பது 2⁻³. "அரைக்கால்" என்ற சொல்லே காலில் அரை என்ற பெருக்கல்தான். வீசம் 1/16, அதாவது 2⁻⁴. அரைவீசம் எவ்வளவு? −1, −4 இரண்டையும் கூட்டுங்கள்: 2⁻⁵, அதாவது 1/32. கால்வீசம் 2⁻⁶, அதாவது 1/64. நம் பழைய பின்னப் பெயர்களுக்குள் அடுக்கு விதி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இதை முதன்முதலாகக் கவனித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

மைனஸும் மைனஸும் பெருகிப் பிளஸ் ஆவது அடுக்குக்கு மேல் அடுக்கு வரும்போதுதான்: (2⁻³)⁻² = 2⁶ = 64. தலைகீழ் ஆனதை மறுபடி தலைகீழாக்கினால் நேராகிவிடும் அல்லவா?

"2³ ÷ 2⁻² போட்டா 32 வருது. வகுத்தா சின்னதாத்தானே ஆகணும்?"

விடை சரி. 3 − (−2) = 5, 2⁵ = 32. ஆனால் "எப்படி வளர்ந்தது?" என்று கேட்டது அதைவிட நல்லது. வகுத்தல் என்பது "இதில் அது எத்தனை இருக்கிறது?" என்ற கேள்வி. 2³ என்பது எட்டுப் படி. 2⁻² என்பது ஓர் உழக்கு. எட்டுப் படி ராகியை உழக்கால் அளந்தால் எத்தனை உழக்கு வரும்? படிக்கு நான்கு, எட்டுப் படிக்கு 32. ஒன்றைவிடச் சிறிய அளவையால் அளந்தால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும்.

"கீழே இருக்கிறதை மேலே கொண்டுபோனா குறி மாறும். அது எப்பவும் சரிதானே?"

பெருக்கலாக இருந்தால் சரி. கூட்டல் இருந்தால் இல்லை. 1/(2⁻¹ × 3⁻¹) என்பதை 2 × 3 = 6 என்று எழுதலாம். ஆனால் 1/(2⁻¹ + 3⁻¹) என்பதை 2 + 3 = 5 என்று எழுதக் கூடாது. செய்து பாருங்கள்: 1/2 + 1/3 = 5/6. அதன் தலைகீழி 6/5.

இதற்கு எங்கள் ஊரில் தினமும் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு. தோட்டத்தில் ஒரு தொட்டி. ஒரு மோட்டார் மட்டும் ஓடினால் 2 மணி நேரத்தில் நிரம்பும். இன்னொன்று மட்டும் ஓடினால் 3 மணி நேரம். இரண்டும் சேர்ந்து ஓடினால்? முதல் மோட்டார் ஒரு மணி நேரத்தில் 2⁻¹ தொட்டி நிரப்பும், இரண்டாவது 3⁻¹ தொட்டி. சேர்த்து 5/6 தொட்டி. ஆகவே முழுத் தொட்டிக்கு (2⁻¹ + 3⁻¹)⁻¹ = 6/5 மணி நேரம், அதாவது 1 மணி 12 நிமிடம். இரண்டு மோட்டார் ஓடும்போது 5 மணி நேரம் ஆகும் என்று யாராவது சொல்வார்களா? விதியில் சந்தேகம் வந்தால் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

"2⁰ + 3⁰ + 4⁰ம், (2 + 3 + 4)⁰ம் ஒன்னா?"

முதலாவது 1 + 1 + 1 = 3. இரண்டாவது 9⁰ = 1. அடுக்கு எதன் மேல் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், வேறொன்றும் இல்லை.

"10⁻³ பெருசா, 10⁻⁶ பெருசா? 6 தானே பெருசு?"

10⁻³ பெரிது, அதுவும் ஆயிரம் மடங்கு. எண்கோட்டில் −6, −3க்கு இடப்பக்கம் இருக்கிறது. படிக்கட்டில் இன்னும் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் உள்ள எண்ணைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். 9 × 10⁻⁷, 1.2 × 10⁻⁶ இரண்டில் 9 இருப்பது பெரிதாகத் தெரியும். ஆனால் 9 × 10⁻⁷ என்பது 0.9 × 10⁻⁶ தான். எனவே இரண்டாவதுதான் பெரிது. முதலில் அடுக்கை ஒப்பிடுங்கள், அது சமமாக இருந்தால் மட்டும் முன் எண்ணுக்கு வாருங்கள். அறிவியல் குறியீட்டில், அதாவது முன் எண் 1க்கும் 10க்கும் இடையில் இருக்கும்படி எழுதியிருந்தால், இந்த முறை எப்போதும் வேலை செய்யும்.

"0.0000015 ன்னு எழுதியிருக்கு. அஞ்சு பூஜ்ஜியம் இருக்கு, அப்போ 10⁻⁵ தானே?"

பூஜ்ஜியத்தை எண்ண வேண்டாம், புள்ளி எத்தனை இடம் நகர்கிறது என்று எண்ணுங்கள். 1க்குப் பின்னால் புள்ளி வர வேண்டும் என்றால் அது ஆறு இடம் தாண்ட வேண்டும். எனவே 1.5 × 10⁻⁶. புள்ளிக்குப் பிறகு உள்ள பூஜ்ஜியங்களைவிட அது எப்போதும் ஒன்று கூடுதலாக இருக்கும், ஏனென்றால் கடைசியாக 1ஐயும் தாண்டுகிறது.

"ஏம்மா, இதெல்லாம் படிச்சு எங்க பயன்படப் போகுது?"

பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஓர் அப்பா கேட்டது. மேலே உள்ள 1.5 × 10⁻⁶ஐ நான் சும்மா எடுக்கவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். அதனால் பல்லில் பழுப்புக் கறை படிந்தவர்களை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள். இந்தப் பாதிப்பைக் குறைப்பதற்காகத்தான் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. இந்தியக் குடிநீர்த் தரநிலைப்படி ஒரு லிட்டரில் புளோரைடு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் அதிகபட்சம் 1.5 மில்லிகிராம்.

மில்லி என்றாலே 10⁻³. ஆக 1.5 × 10⁻³ கிராம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை சுமார் 1000 கிராம், அதாவது 10³. வகுத்தால் −3 − 3 = −6. விடை 1.5 × 10⁻⁶: பத்து லட்சம் பங்கு தண்ணீரில் ஒன்றரைப் பங்கு. அவ்வளவு சின்ன அளவுதான் பல்லையும் எலும்பையும் காப்பாற்றும் எல்லையைத் தீர்மானிக்கிறது. ஊர் மேல்நிலைத் தொட்டி ஒரு லட்சம் லிட்டர் என்றால், அந்த எல்லையில் அதில் இருக்கும் புளோரைடு 10⁵ × 1.5 × 10⁻³ = 150 கிராம். தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டு வீட்டுக்கு வந்தால் அதைப் படித்துச் சொல்லப் போகிறவர் உங்கள் பிள்ளைதான் என்று அவரிடம் சொன்னேன்.

ஓசூர்ப் பக்கம் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன்களுக்கு மைக்ரான் தெரியாமல் முடியாது. ஒரு மைக்ரான் 10⁻⁶ மீட்டர். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வரும் ஒரு நல்ல கூட்டில் இழையின் நீளம் சுமார் 1000 மீட்டர், தடிமன் சுமார் 0.02 மில்லிமீட்டர், அதாவது 2 × 10⁻⁵ மீட்டர். நீளம் தடிமனைப்போல் எத்தனை மடங்கு? 10³ ÷ (2 × 10⁻⁵) = 0.5 × 10⁸ = 5 × 10⁷. ஐந்து கோடி மடங்கு.

"அடுக்கு பெருசானா மதிப்பும் பெருசாகும், அது மட்டும் நிச்சயம்தானே?"

அடிமானம் 1ஐவிடப் பெரிதாக இருந்தால் மட்டும். அடிமானம் 1/2 என்றால் எல்லாம் தலைகீழ்: (1/2)² = 1/4, (1/2)³ = 1/8, அடுக்கு கூடக் கூட மதிப்பு குறைகிறது. மைனஸ் பக்கம் போனால் வளர்கிறது: (1/2)⁻³ = 8. அடிமானம் 1 என்றால் எந்த அடுக்குக்கும் 1தான், ஏறுவதும் இல்லை இறங்குவதும் இல்லை.

"அப்போ 0⁰ என்ன அக்கா?"

முன்பு ஓர் எண்ணுக்குச் சிக்கல் என்றேனே, அது இதுதான். இரண்டு பக்கமிருந்து வந்து பாருங்கள். 3⁰, 2⁰, 1⁰ எல்லாம் 1, எனவே அடுத்ததும் 1 என்று ஒரு வரிசை சொல்கிறது. 0³, 0², 0¹ எல்லாம் 0, எனவே அடுத்ததும் 0 என்று இன்னொரு வரிசை சொல்கிறது. வகுத்துப் பார்க்கலாம் என்றால் 0 ÷ 0 வந்து நிற்கிறது. பள்ளிக் கணக்கில் அதற்கு மதிப்புக் கொடுப்பதில்லை. விதி எழுதும்போது பக்கத்தில் "அ ≠ 0" என்று போட்டிருப்பது இதனால்தான். அதை அலங்காரம் என்று நினைத்துப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மேல்படிப்பில் சில பிரிவுகளில், எண்ணிக்கைக் கணிதத்திலும் பல்லுறுப்புக் கோவைகளிலும், வசதிக்காக 0⁰ = 1 என்று வைத்துக்கொள்வார்கள். அங்கே போகும்போது அது பொருந்தும்.

0⁻¹க்கு இந்தக் குழப்பம்கூட இல்லை. அது 1 ÷ 0. பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது, எனவே அப்படி ஓர் எண் கிடையாது.

"4⁻²ம் 2⁻⁴ம் ஒரே விடை வருது. அடிமானத்தையும் அடுக்கையும் மாத்திப் போடலாமா?"

மாற்றக் கூடாது. 4 = 2² என்பதால் 4⁻² = (2²)⁻² = 2⁻⁴, இரண்டும் 1/16. இது இந்த ஜோடிக்கு மட்டும் அமைந்தது. 3⁻² = 1/9, 2⁻³ = 1/8; அங்கேயே உடைந்துவிடுகிறது.

ஆனால் அடிமானத்தை இப்படி மாற்றி எழுதும் பழக்கம் நல்லது. "2இன் எந்த அடுக்கு 1/32?" என்று கேட்டால் 32 = 2⁵, எனவே −5. "8இன் எந்த அடுக்கு 1/64?" என்றால் 64 = 8², எனவே −2. "3இன் எந்த அடுக்கு 1?" என்ற கேள்விக்கு இன்னும் சிலர் 1/3 என்று எழுதுகிறார்கள். அவர்கள் இரண்டாம் கேள்வியின் பதிலை மறுபடி ஒருமுறை படிக்க வேண்டும்.

"பூஜ்ஜியம் வந்தாச்சு, மைனஸ் வந்தாச்சு. அடுக்குல அரை வந்தா?"

இதை ஓர் ஒன்பதாம் வகுப்புப் பெண் போன வருடம் கேட்டாள். நான் விடை சொல்லவில்லை, ஐந்தாம் கேள்விக்குச் சொன்ன பதிலை மட்டும் நினைவுபடுத்தினேன்: விதி நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, என்ன வந்தாக வேண்டும் என்று பார். அவள் நோட்டில் இப்படி எழுதினாள். 9க்கு அரை அடுக்கு போட்ட எண்ணை அதே எண்ணால் பெருக்கினால், அரையும் அரையும் சேர்ந்து அடுக்கு 1 ஆகும், 9 வரும். தன்னையே பெருக்கி 9 ஆவது 3. அப்போ அது வர்க்கமூலம்!

−3ஐத் தன்னால் பெருக்கினாலும் 9 தான் வரும் என்று பக்கத்தில் இருந்த பையன் சொன்னான். அதுவும் சரி. அடுக்காக எழுதும்போது மிகை எண்ணையே எடுத்துக்கொள்வது வழக்கம். பிறகு 4க்கு மைனஸ் அரை அடுக்கு கேட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து போட்டார்கள்: அரை என்பதால் 2, மைனஸ் என்பதால் 1/2. 2க்கு அரை அடுக்கு என்றதும் இருவரும் நிறுத்திவிட்டார்கள். அது √2, சுமார் 1.414. பின்னமாக அதை எழுதவே முடியாது. முறுடுகள், அதாவது இப்படிப் பின்னமாக எழுத முடியாத மூலங்கள், பாடத்தில் அந்த எண் தனியாக வருகிறது.